ஆறு மணிக்கு மேல் வெளியே வராதீங்க

கடைசிப் படகு எங்களை இறக்கிவிட்டுத் தேக்கடித் துறையை நோக்கித் திரும்பியது. அதன் சத்தம் ஓயும்வரை அம்மா கரையிலேயே நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடேறினாள். வாசலில் நின்ற விடுதி ஊழியர் வணக்கம் சொன்னார், குடிக்க எலுமிச்சைச் சாறு கொடுத்தார், கையோடு ஒன்றையும் சொன்னார்: “ஆறு மணிக்கு மேல அகழியைத் தாண்டாதீங்க அம்மா. ஆனை வரும், காட்டுமாடு வரும்.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “நம்ம லயத்துலயும் இதே சட்டந்தானே பாப்பா?”

பீர்மேடு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 34 வருடம் கொழுந்து எடுத்தவள் அம்மா. ஓய்வு பெற்ற பிறகு என்னோடு ஏலப்பாறையில் இருக்கிறாள். சித்தி இன்னும் அங்கேதான், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான அதே லயத்தில் இருக்கிறாள். அங்கே பலா காய்த்தால் பிஞ்சிலேயே வெட்டிப் போட்டுவிடுவார்கள். பழுத்தால் அந்த வாசனைக்கு யானை வந்துவிடும். இருட்டிய பிறகு வெளியே போக வேண்டுமானால் டார்ச் அடித்து நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். யானை வந்துவிட்டதென்றால் ஒரு வீட்டில் தகரம் தட்டுவார்கள், அடுத்த வீட்டிலும் தட்டுவார்கள், வரிசை முழுக்கத் தட்டும். நான் பரீட்சைக்குப் படித்த எத்தனையோ இரவுகள் அந்தச் சத்தத்தோடுதான் கழிந்தன.

அப்படிப்பட்டவளை, யானை பார்ப்பதற்கென்றே காசு கட்டித் தங்கும் ஒரு மாளிகைக்கு ஒரு சித்திரை மாதம் கூட்டிப் போனேன். ஓர் இரவுக்கு நான் கட்டிய வாடகை அம்மாவின் கடைசி மாதச் சம்பளத்தைவிட அதிகம். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

ராஜா தங்கிய வீடு

ஏலப்பாறையிலிருந்து குட்டிக்கானம் இறங்கி, பீர்மேடு, வண்டிப்பெரியார் தாண்டினால் குமுளி. வழி நெடுகத் தேயிலை, இடையிடையே ஏலக்காடு. காலை நேரமானால் கம்பத்திலிருந்து மலையேறி வரும் ஜீப்புகளில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச் சட்டியோடு நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். குமுளியில் ஆனவச்சாலில் இறங்கி, வனத்துறை பஸ்ஸில் படகுத்துறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து படகில் இடப்பாளையம். திருவிதாங்கூர் மகாராஜாக்கள் கோடையைக் கழிக்கக் கட்டிய மாளிகை அங்கே இருக்கிறது. இப்போது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ‘லேக் பேலஸ்’ என்ற பெயரில் நடத்துகிறது. மொத்தமே ஆறு அறைகள்.

ஆறு அறை என்பது பெரிய விஷயம். குமுளியின் தெருக்களில் வரிசை வரிசையாக நிற்கும் ரிசார்ட்டுகளின் பெயர்ப்பலகைகளில் எல்லாம் ‘காடு’ இருக்கிறது. காட்டுக்குள் இருக்கும் கூரைகளை மட்டும் எண்ணிவிடலாம். காட்டில் தங்குகிறவர்கள் குறைவாகவே இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அம்மா வராந்தாவில் பிரம்பு நாற்காலியை ஏரியைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். சித்திரையில் தண்ணீர் இறங்கியிருக்கும். இறங்கிய இடத்தில் புதுப் புல் முளைக்கும். அந்தப் புல்லுக்காகத்தான் யானையும் மிளாவும் காட்டுமாடும் கரைக்கு வரும். பெரியாரில் விலங்கு பார்க்க மார்ச் முதல் மே வரை நல்ல காலம் என்பதற்கு இதுதான் காரணம். தண்ணீருக்குள் கறுத்த மரக்கட்டைகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. 130 வருடங்களாகத் தண்ணீரில் நின்றும் இன்னும் முழுக்க மட்கவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீர்க்காகம், அல்லது சிறகை விரித்து வெயில் காயும் பாம்புத்தாரா.

“இது யாரு தண்ணி?” என்று அம்மா கேட்டாள்.

நியாயமான கேள்வி. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இந்த அணைக்காக 999 வருடக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. பிரிட்டிஷ் பொறியாளர் பென்னி குக் 1887-இல் தொடங்கிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் முடிந்தது. அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். மேற்கே போய் அரபிக்கடலில் விழ வேண்டிய ஆறு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் போனது. காடு கேரளத்தில் இருக்கிறது, தண்ணீர் தமிழ்நாட்டுக்கு இறங்குகிறது. அம்மாவின் தாத்தா மதுரைப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறியவர். அவர் ஏறி வந்தார், தண்ணீர் இறங்கிப் போனது என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

சஃபாரி என்றால் பயணம்

‘சஃபாரி’ என்பது அரபியிலிருந்து சுவாஹிலிக்கு வந்த சொல். பயணம் என்பதுதான் அதன் பொருள். ஐரோப்பியர் அதை வேட்டைக்குப் பயன்படுத்தினார்கள், பிறகு கேமராவுக்கு. காட்டில் படுத்து விலங்கைப் பார்க்கும் விடுதி என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது கென்யாவின் அபர்டேர் காட்டில் 1932-இல் ஓர் அத்திமரத்தின் மேல் கட்டிய ‘ட்ரீடாப்ஸ்’. 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே தங்கிய இரவில்தான் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் அவருடைய தந்தை இறந்தார். அன்று மரத்தின் மேல் அவர்களுக்குத் துணையாக இருந்தவர், குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் பெயர் பெற்று, கடைசிக் காலத்தில் கென்யாவில் குடியேறிய ஜிம் கார்பெட். இரண்டே வருடத்தில், 1954-இல், மாவ் மாவ் போராளிகள் அந்த விடுதியை எரித்தார்கள். தங்கள் நிலத்தைப் பறிகொடுத்த கிக்குயு மக்களின் கோபம் அது. காட்டு விடுதிகளின் கதை எங்கே தொடங்கினாலும், அந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களிடம் வந்து சேர்கிறது. 1959-இல் செரெங்கெட்டியிலிருந்து மாசாய்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் மாடு மேய்த்த புல்வெளிகளை இன்று உலகமே படம் எடுக்கிறது.

முல்லைப் பெரியாறு அணை முடிந்த அதே 1895-இல் தென்னாப்பிரிக்காவின் சுலுலாந்தில் ஹ்லுஹ்லுவே காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வெள்ளைக் காண்டாமிருகம் அழியாமல் பிழைத்தது அந்தப் பகுதியில்தான். அதை ஒட்டிய நட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் தமிழர்கள் கப்பலேறினார்கள். நம் ஆட்கள் கூலிக்குப் போன இடங்களிலெல்லாம் பக்கத்தில் ஒரு காடு இருந்திருக்கிறது. தோட்டம் என்பதே காட்டை அழித்து உண்டாக்கியதுதானே.

பெரியாரில் 1934-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா நெல்லிக்காம்பட்டி வேட்டைச் சரணாலயத்தை அறிவித்தார். 1950-இல் அது பெரியார் வனவிலங்குச் சரணாலயமானது. 1978-இல் புலிகள் காப்பகம். இங்கே தண்ணீர் ஏறியபோதும், காடு சட்டத்துக்குள் வந்தபோதும் ஒதுங்க நேர்ந்தவர்கள் மன்னான் பழங்குடியினர்.

மறுநாள் காலை எங்களைக் காட்டுக்குள் கூட்டிப் போனவர் ஒரு மன்னான்.

வழிகாட்டி

ஐம்பதைத் தாண்டியவர். காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு. எங்களுக்கு முழங்கால்வரை வரும் அட்டை சாக்ஸை மாட்டிவிட்டார், அவர் போட்டுக்கொள்ளவில்லை. “அக்கா, மெதுவா வாங்க. மூச்சு வாங்குனா சொல்லுங்க” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு எதற்கு மூச்சு வாங்கப் போகிறது? கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவேறிய கால் அது. பத்தே நிமிடத்தில் அவருக்கு இணையாக நடக்கத் தொடங்கிவிட்டாள்.

இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள், நான் பின்னால் கேட்டுக்கொண்டு போனேன். மன்னான்களின் பேச்சு தமிழை ஒட்டியது; மதுரைப் பாண்டியர் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. கட்டப்பனை பக்கம் கோவில்மலையில் அவர்களுக்கு இன்றும் ஒரு ராஜா உண்டு. “நீங்களும் மதுரை, நாங்களும் மதுரையா?” என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். “நாங்க ரொம்ப முன்னாடி வந்துட்டோம் அக்கா” என்றார் அவர்.

ஏரியைக் காட்டி, “இந்தத் தண்ணிக்கு அடியிலதான் எங்காளுக இருந்த இடமெல்லாம்” என்றார். இப்போது அவர்கள் குமுளியை ஒட்டிய மன்னாக்குடியில் இருக்கிறார்கள். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

சட்டென்று கையை உயர்த்தினார். நின்றோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா மூக்கை உறிஞ்சினாள். “ஆனை” என்றாள். அவர் திரும்பி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். காற்றின் திசை பார்த்து எங்களைச் சுற்று வழியில் கரைக்கு இறக்கினார். அங்கே, நூறு நூற்றைம்பது அடி அகல ஓடைக்கு அப்பால், கூட்டமாக நின்றன. பெரிய பிடி ஒன்று புல்லைக் காலால் உதைத்துப் பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதறி வாயில் வைத்தது. இரண்டு குட்டிகள் தண்ணீருக்குள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன. அம்மா உதடு அசைய எண்ணினாள்.

எத்தனை நேரம் நின்றோம் என்று தெரியாது. கை தன்னால் நெஞ்சுக்கு வந்திருந்தது அவளுக்கு. அப்புறம் மெல்லக் கேட்டாள்: “தம்பி, கொம்பன் ஒண்ணுகூட இல்லையே?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரியாரின் மிக மோசமான காலம் இருக்கிறது. ஆசிய யானைகளில் தந்தம் ஆணுக்கு மட்டும்தான். எழுபது, எண்பதுகளில் தந்தத்துக்காக இங்கே கொம்பன்களைத் தேடித் தேடிச் சுட்டார்கள். ஒரு கட்டத்தில் வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் நூறு என்கிற அளவுக்குக் கணக்கு சரிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். பிறப்பு குறைந்தது. அந்தச் சரிவிலிருந்து காடு இன்னும் மீண்டுகொண்டிருக்கிறது.

தந்தம், சந்தனம், காட்டு இலவங்கப்பட்டை மரமான வயனாவின் பட்டை எல்லாமே வெளியே போய்க்கொண்டிருந்தன. எடுத்துக்கொண்டு போனவர்கள் யார்? குமுளியைச் சுற்றியிருந்த ஏழைகள்தான். காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்தவர்கள். 1996-இல் உலக வங்கி நிதியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது வனத்துறை அவர்களோடு பேசியது. வயனாப் பட்டை கடத்திய கூட்டத்தைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். வழக்குகளிலிருந்து விடுபட வழி செய்து, அவர்களையே சூழல் மேம்பாட்டுக் குழுவாக்கினார்கள். பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போய்க் கூடாரத்தில் தங்க வைக்கும் ‘பெரியார் டைகர் டிரெயில்’ அப்படிப் பிறந்தது. கடத்தல் தடங்களில் ரோந்து போகிறார்கள். கூட வருகிறவர்கள் கட்டும் காசிலிருந்து கூலி வருகிறது. இந்தியக் காட்டுச் சுற்றுலாவில் நான் அறிந்தவரை இதைவிட நேர்மையான ஏற்பாடு குறைவு.

2002-இல் குமுளிப் பகுதிப் பெண்கள் ‘வசந்தசேனை’ என்று திரண்டார்கள். கூலி வாங்காமல், முறை வைத்து, தினம் சிலராகக் காட்டுக்குள் போய்ச் சந்தன மரங்களைக் காவல் காக்கிறார்கள். இதைச் சொன்னதும் அம்மா நின்றுவிட்டாள். “பொம்பளைங்களா? வீட்டு வேலையையும் பாத்துக்கிட்டா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

அகழி இல்லாத வீடுகள்

அம்மா கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வி எனக்குள் இருந்தது. இதே யானை பத்துக் கிலோமீட்டர் நடந்து ஒரு லயத்து வாசலில் நின்றால்?

2023 ஏப்ரல் 29-இல் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்த அரிக்கொம்பன் என்ற யானையை இந்தப் பெரியார் காட்டில்தான் கொண்டுவந்து விட்டார்கள். ரேஷன் கடைச் சுவரை உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர். அது பழகிய சின்னக்கானலில், யானைகள் நடமாடும் இடத்திலேயே, நிலமில்லாத 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு நிலம் கொடுத்துக் குடியேற்றியிருந்தது. 301 காலனி என்றே அதற்குப் பெயர். பயந்து பலர் வெளியேறிவிட்டார்கள். பெரியாரில் விட்ட அரிக்கொம்பன் மேகமலைப் பக்கம் இறங்கி, மே 27-இல் கம்பம் ஊருக்குள் தெருத்தெருவாக ஓடியது. அது தாக்கியதில் ஒருவர் இறந்தார். ஜூனில் தமிழக வனத்துறை மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் விட்டது. அந்த நாட்களில் ஏலப்பாறை டீக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது. பாதிப் பேர் யானைக்காக அழுதார்கள், பாதிப் பேர் சின்னக்கானல் ஆட்களுக்காக. இரண்டு பக்கமும் உண்மை இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு சங்கடம் உண்டு. மலையாளத்தில் ‘புலி’ என்றால் சிறுத்தை, புலிக்கு ‘கடுவா’. லயத்தில் யாராவது ‘புலி!’ என்று கத்தினால் எந்தப் புலி என்று தெரிவதற்குள் உயிர் போய்விடும். 2025 மார்ச்சில் வண்டிப்பெரியார் பக்கம் தோட்டத்துக்குள் வந்தது கடுவா. காலில் காயம். வேட்டையாட முடியாமல் மாட்டையும் நாயையும் அடித்தது. மயக்க ஊசி போட்டபோது வனத்துறையினர் மேல் பாய்ந்தது, சுட்டார்கள், செத்தது. வளர்த்த மாட்டைக் காலையில் தொழுவத்தில் பிணமாகப் பார்ப்பது எப்படி என்று தோட்டத்து வீடுகளைக் கேட்டால்தான் தெரியும். அந்தப் புலிக்கும் போக வேறிடம் இல்லை என்பதும் தெரிகிறது.

2000-ஐ ஒட்டிப் பீர்மேடு வட்டத்தில் பல தேயிலைத் தோட்டங்கள் மூடிக்கிடந்தன. கவாத்து வெட்ட ஆளில்லாத செடி மரமாகிப் புதர் மண்டும், புதருக்குள் பன்றி வரும், பன்றியைத் தேடிச் சிறுத்தை வரும். கூரை ஒழுகும் லயத்தில் ஆட்கள் மட்டும் அப்படியே இருப்பார்கள். காட்டின் எல்லை எது என்று அங்கே கோடு கிழிக்க முடியாது.

காட்டுக்குள் தங்குகிறவர்கள் கட்டும் பணத்தின் ஒரு பங்கு, மன்னாக்குடிக்கும் பளியர் பழங்குடியினரின் பளியக்குடிக்கும் போகிற மாதிரி, லயத்து வாசலுக்கும் வர வேண்டும் என்கிறேன். வெளிச்சமாக, வேலியாக, யானை இறங்கியதும் கைபேசியில் சொல்லும் ஓர் ஆளாக, மாடு செத்தால் அலைக்கழிக்காமல் கிடைக்கும் இழப்பீடாக. நடக்காத காரியமில்லை. கென்யாவில் மாசாய் மாராவை ஒட்டி, மாசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைச் சேர்த்துக் காடாக விட்டிருக்கின்றன. விடுதிகள் அந்தக் குடும்பங்களுக்கு மாதாமாதம் குத்தகை கட்டுகின்றன. பாலக்காட்டின் பரம்பிக்குளத்தைப் பாருங்கள். 2010-இல் புலிகள் காப்பகமான அந்தக் கேரளக் காட்டுக்குப் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்துதான் சாலையில் போக முடியும். மரத்தின் மேல் கட்டிய குடில்கள், கூடாரங்கள், அணைக்குள் ஒரு தீவில் ஒரு வீடு. அத்தனையும் வனத்துறை கையில். கூட வரும் வழிகாட்டிகள் காடர், மலசர் போன்ற உள்ளூர்ப் பழங்குடியினர். கன்னிமாரா என்ற பெரிய தேக்கு மரத்தைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் கை கோக்க வேண்டும் என்று அந்த வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே காட்டுவார்கள்.

காட்டில் அலட்சியத்தின் விலையும் எங்களுக்குத் தெரியும். 2009 செப்டம்பர் 30-இல் இதே ஏரியில் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அன்றிலிருந்து உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை. விலங்கைப் பார்த்ததும் ஒரே பக்கம் எழுந்து ஓடாதீர்கள் என்று படகில் சொல்லும்போது, தயவுசெய்து உட்கார்ந்திருங்கள்.

ராத்திரி

நடைக்கு முந்தைய இரவை இன்னும் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்து விளக்குகளைக் குறைத்தார்கள். தவளைகளின் சத்தம், தூரத்தில் மிளாவின் ஒற்றைக் குரல். நான் உறங்கிப்போனேன். நடுச்சாமத்தில் விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலி. பதறி எழுந்தேன். அம்மா ஜன்னல் ஓரமாகப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தூக்கம் வரலையாம்மா?”

“வெளிய ஆனை நிக்குது. அகழிக்கு அந்தாண்ட. மூங்கில் ஒடிக்குற சத்தம் கேக்கல?”

கேட்டது. படார், படார் என்று. கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி கேட்கும். என் கை பழக்கத்தில் டார்ச்சைத் தேடியது.

“வேணாம் பாப்பா, லைட் அடிக்காத. அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போகட்டும்” என்றாள். விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் நடை முடிந்து படகு ஏறும்போது வழிகாட்டி அம்மாவுக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டார். “ஏலப்பாறை பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க தம்பி” என்றாள். அவர் கரையில் நின்று, படகு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் ஏலப்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை தூறியது. வீட்டுக் கதவைத் திறக்கும் முன்பே அம்மாவின் போன் அடித்தது. லயத்திலிருந்து சித்தி. சத்தமாகப் பேசுகிறவள், எனக்கும் கேட்டது.

“என்னக்கா, அம்புட்டுக் காசு குடுத்துப் போனீங்களே, ஆனை பாத்தியா?”

“பாத்தேன்டி. பதினொண்ணு.” அம்மா திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். “குட்டி ரெண்டு. ராத்திரிகூட வாசல்கிட்ட வந்து நின்னுச்சு. யாரும் தகரம் தட்டல.”